ஈகர் என்று மாற்றினால் குவெரி குறையாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஜாவா ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸ் அட்டவணைகளோடு இணைக்கும் ஹைபர்நேட் பற்றித் தங்கள் கணினிப் பகுதியில் வந்த கட்டுரை, இணையதளங்கள் மந்தமாவதற்கு லேஸி லோடிங்தான் (தொடர்புடைய தரவைக் கேட்கும்போது மட்டும் எடுப்பது) காரணம் என்று சொல்லி, மேப்பிங்குகளை (அந்த இணைப்பின் வரையறைகளை) எல்லாம் ஈகராக, அதாவது முன்கூட்டியே எடுப்பதாக, மாற்றிவிடச் சொல்கிறது. மாணவர்கள் இதை அப்படியே செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

கட்டுரை சொல்லும் சிக்கல் உண்மையானது. ஒரு பக்கத்தில் 50 ஆர்டர்களைக் காட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர்களை எடுக்க ஒரு குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வி). பிறகு ஒவ்வொரு ஆர்டரிலும் வாடிக்கையாளர் பெயரைக் கேட்கக் கேட்க, ஆளுக்கொரு குவெரி. 50 பேரும் வெவ்வேறு ஆட்கள் என்றால் மொத்தம் 51. டேட்டாபேஸுக்கு ஒருமுறை போய்வர 2 மில்லி விநாடி ஆனாலும், காத்திருப்பு மட்டுமே 100 மில்லி விநாடியைத் தாண்டும். நிரல் எழுதுபவரின் கணினியில் இது கண்ணில் படாது. சோதனைத் தரவில் வாடிக்கையாளர்கள் 5 பேர்தான் இருப்பார்கள். ஒருமுறை எடுத்தவரை செஷன் (டேட்டாபேஸோடு ஹைபர்நேட் நடத்தும் ஒரு வேலை அமர்வு) நினைவில் வைத்துக்கொள்வதால் அங்கே ஓடுவது 6 குவெரிதான்.

ஆனால் இதற்கு ஈகர் தீர்வாகாது. மெனி-டு-ஒன் உறவுக்கு (பல ஆர்டர்களுக்கு ஒரு வாடிக்கையாளர் என்பது போல), ஹைபர்நேட் பின்பற்றும் ஜாவா தரநிலையான ஜேபிஏ-வில் நாம் எதுவும் எழுதாவிட்டாலே ஈகர்தான். ஐடியைக் கொடுத்துத் தேடும் ஃபைண்ட் மூலம் ஒரே ஒரு ஆர்டரை எடுத்தால், ஜாயின் போட்டு (இரண்டு அட்டவணைகளை இணைத்து) வாடிக்கையாளரையும் சேர்த்தே கொண்டுவரும். பட்டியலுக்கு ஜேபிக்யூஎல் (ஜேபிஏ-வின் குவெரி மொழி) எழுதும்போது கதையே வேறு. நாம் எழுதிய குவெரியை ஹைபர்நேட் எழுதியபடியே ஓட்டும். அதன் பிறகு, ஈகர் என்று சொல்லியிருப்பதை நிறைவேற்ற வாடிக்கையாளர்களைத் தனித்தனியாக எடுக்கும். ஆக, அதே 51. முன்பு பெயரைக் கேட்டால்தான் ஓடிய குவெரிகள், இனி கேட்காவிட்டாலும் ஓடும். அந்த என்டிட்டியை (அட்டவணையோடு இணைந்த ஜாவா கிளாஸை)த் தொடும் எல்லாப் பக்கங்களுக்கும் இந்தச் சுமை ஏறும்.

மேப்பிங்கில் எல்லா உறவையும் லேஸி என்றே வைக்க வேண்டும். மெனி-டு-ஒன்னுக்கு அதை வெளிப்படையாக எழுதவும் வேண்டும். எந்தப் பக்கத்துக்கு வாடிக்கையாளர் தேவையோ, அந்தக் குவெரியில் மட்டும் ஜாயின் ஃபெட்ச் (உறவையும் அதே குவெரியில் எடுக்கச் சொல்வது) போட்டால் 51 என்பது 1 ஆகிவிடும்.

ஆர்டருக்குள் இருக்கும் பொருட்கள் போன்ற தொகுப்புகளுக்கு இதே வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. தொகுப்பை ஜாயின் ஃபெட்ச் செய்துகொண்டே பக்கம் பிரித்தால், ஹைபர்நேட் எல்லா வரிகளையும் இழுத்து வந்து நினைவகத்தில் வைத்துப் பிரிக்கும். லாகில் ஓர் எச்சரிக்கை மட்டும் விழும். இரண்டு லிஸ்ட்களைச் சேர்த்து எடுத்தால் மல்டிபிள் பேக் ஃபெட்ச் எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். பலர் லிஸ்டை செட்டாக மாற்றி அதை வாயடைத்துவிடுகிறார்கள். எக்ஸெப்ஷன் போய்விடும், பெருக்கல் போகாது: 20 பொருட்களும் 10 கட்டணப் பதிவுகளும் உள்ள ஒரே ஆர்டருக்கு 200 வரிகள் வரும். தொகுப்புகளுக்கு பேட்ச் சைஸ் (ஒரே குவெரியில் எத்தனை ஆர்டர்களின் தொகுப்புகளை எடுப்பது என்ற அளவு) போதும். அளவை 25 என்று வைத்தால், 50 ஆர்டர்களின் பொருட்களையும் 2 குவெரிகளில் எடுத்துவிடும்.

லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்தாலும் ஈகருக்கு ஓட வேண்டாம். செஷன் மூடிய பிறகு தரவைக் கேட்கிறோம் என்பதே அதன் பொருள். செஷன் திறந்திருக்கும்போதே தேவையானதை எடுத்து டிடிஓ-வில் (தரவை மட்டும் சுமக்கும் எளிய ஆப்ஜெக்டில்) போட்டு அனுப்ப வேண்டும். ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டில் ஓப்பன்-இன்-வியூ என்ற அமைப்பு தானாகவே இயங்குவதால் பலருக்கு இந்தப் பிழை வருவதே இல்லை. செஷன் பதில் போகும்வரை திறந்திருக்கும். டேட்டாபேஸ் கனெக்ஷனும் அதுவரை பிடிபட்டிருக்கும். கனெக்ஷன்களைச் சேர்த்து வைக்கும் ஹிகாரி பூலில் மாற்றாமல் விட்டால் இருப்பது 10 கனெக்ஷன்தான். பதினோராவது ஆள் காத்துக்கிடக்க வேண்டியதுதான். புதிய புராஜெக்ட் என்றால் முதல் நாளே ஓப்பன்-இன்-வியூவை ஃபால்ஸ் ஆக்கி நிறுத்திவிடலாம்.

ஹைபர்நேட்டின் ஸ்டாடிஸ்டிக்ஸை (குவெரிகளை எண்ணும் வசதியை) இயக்கி, வெவ்வேறு வாடிக்கையாளர்களின் 10 ஆர்டர்களைச் சோதனைத் தரவில் போட்டு, குவெரி எண்ணிக்கை 1தானா என்று டெஸ்ட்டிலேயே சரிபார்க்கலாம். பைத்தானின் ஜாங்கோவில் இதற்கு அசர்ட் நம் குவெரீஸ் உண்டு. பிஎச்பி-யின் லாரவெலில் லேஸி லோடிங்கையே தடுத்துப் பிழையாகக் காட்டச் செய்யலாம்.

அடுத்த கட்டுரையில் இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜாவா நிரலாளர், கோவை