மக்காச்சோளத்தின் தாய்வீட்டுச் சமையல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இந்த வருடமும் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த வாரமே ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். சாப்பிடும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

சிகாகோவில் பில்சன் என்று ஒரு பகுதி. பிங்க் லைன் ரயிலில் 18-வது தெரு நிறுத்தத்தில் இறங்கினால் நிலையத்துக்குள்ளேயே சுவரோவியங்கள் தொடங்கிவிடும். செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் குடியேறிய பேட்டை அது. 1960-களில் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காகப் பக்கத்துப் பகுதியில் வீடுகளை இடித்தபோது, அங்கிருந்த மெக்சிகோ குடும்பங்கள் பல இங்கே வந்து சேர்ந்தன. இப்போது வாடகை ஏறி, இங்கிருந்தும் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம்.

என்னை அழைத்துப் போனவர் என்னுடன் வேலை பார்ப்பவர், மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்துக்காரர். அவருக்குக் கார்னித்தாஸ், அதாவது பன்றிக் கொழுப்பிலேயே நிதானமாக வெந்த பன்றிக்கறி. நான் கறியை விட்டதுதான் உனக்குத் தெரியுமே, எனக்கு நொப்பால் தாக்கோ, அதாவது மெல்லிய ரொட்டிக்குள் நொப்பாலை வைத்து மடித்தது. நொப்பால் நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்கு நெருங்கிய சொந்தம். முள்ளைச் சீவி வதக்கினால் புளிப்பும் வழவழப்புமாக, வெண்டைக்காயை நினைவூட்டுகிறது. குடிக்கச் சர்க்கரை போட்ட குளிர்ந்த புளித்தண்ணீர்! மிளகாயை 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நம் பக்கம் கொண்டுவந்தார்கள், புளி ஸ்பானியர் காலத்தில் அங்கே போனது. அந்த மேஜையில் எனக்கு அந்நியமாக எதுவும் படவில்லை.

ஆனால் நான் எழுத நினைத்தது அந்த ரொட்டியை, தோர்த்தியாவைப் பற்றி. கடையின் ஓரத்தில் ஒரு அம்மா மாவை உருட்டி, அழுத்தி, எண்ணெய் இல்லாமல் கல்லில் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். வெறும் மக்காச்சோளம்தான், கோதுமை துளியும் இல்லை, ஆனாலும் விரிசல் விடவில்லை. காரணம் சுண்ணாம்பு. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழன்ற தோலைக் கழுவிவிட்டு அரைக்கிறார்கள். மாவு பிசுபிசுத்து ஒட்டுவதோடு, சோளத்துக்குள் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற பி வைட்டமினும் உடம்பில் சேர்கிறது. இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் எடுத்துப் போன ஐரோப்பாவிலும், பிறகு அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும், சோளத்தையே நம்பியிருந்த ஏழைகள் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்ற நோய் வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கிருமிதான் காரணம் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டில்தான் குறை என்று காட்டியவர் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர். மெக்சிகோவின் பாட்டிகளோ எத்தனையோ தலைமுறையாக அதைச் சரியாகச் செய்துவந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் அப்படி ஒரு மரியாதை வந்துவிட்டது.

பெரம்பலூர் பக்கம் விளைவதெல்லாம் கோழித் தீவனத்துக்குத்தானே போகிறது, நாம் அதை ஒரு வேளைச் சோறாக நினைத்ததே இல்லை. ஒரு முறை செய்து பாரேன் மாப்ள. மருந்து படாத ஓரத்துக் கதிராக எடுத்துக்கொள். ஒரு கிலோ காய்ந்த மணிக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு போதும், வெற்றிலைக்குத் தடவுகிறோமே அதேதான். தோல் கழலும்வரை வேகவைத்து, ஊறவிட்டு, மூன்று நான்கு தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, கெட்டியாக அரைக்கச் சொல். உன்னுடையது தீவன ரகம், இங்குள்ள வெள்ளை மக்காச்சோளத்தின் ருசி வராது. ஆனாலும் அப்பாவுக்குச் சூடாக ஒன்று கொடுத்து, தேங்காய்த் துவையலோடு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுது. இந்த வருடம் என்ன விலை போனது என்பதையும் மறக்காமல் எழுது. பொங்கலுக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்