நீ எழுதாத புதன்கிழமை

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மிஷனரியாக 24 மாத ஊழியத்துக்கு நீ செகந்திராபாத் போனதிலிருந்து வாரந்தோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறபோது அப்பா எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போன திங்கட்கிழமை நீ 40 நிமிடம் பேசினாய். அதில் 35 நிமிடத்தை அம்மாவும் தங்கச்சியும் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஐந்து நிமிடத்தில் சாப்பாட்டையும் மழையையும் தவிர நான் வேறெதுவும் கேட்கவில்லை. உன் கம்பேனியன், உன்னோடு ஜோடியாக ஊழியம் செய்கிற அந்த டெல்லிப் பையன், உனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. அதில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் நான் கேட்க நினைத்ததை அவன் இருக்கும்போது கேட்டிருந்தால், அவனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், உன் முகம் போகிற போக்கை அவன் பார்த்திருப்பான். கடிதமென்றால் நீ மட்டும் படிக்கலாம், குளியலறைக்குக்கூடக் கொண்டுபோகலாம்.

நீ அனுப்புகிற திங்கட்கிழமைக் கடிதங்களை எல்லாம் தங்கச்சி அச்செடுத்துக் கொடுக்கிறாள், நான் ஃபைலில் கோத்து வைக்கிறேன். மில்லில் 31 வருடம் பிட்டராக இருந்தவன் அல்லவா, லாக் புக் படிப்பதுபோலத்தான் எனக்கு எதையும் படிக்க வரும். காலை 6:30 மணிக்கு எழுந்திருக்க வேண்டும், உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, பிறகு வேத வாசிப்பு, தெலுங்குப் பாடம், அதன்பின் வெளியே போய் இரவு திரும்பி 10:30 மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்று நீ முதல் கடிதத்தில் எழுதியதைப் படித்தபோது, மில் சங்கு ஊதுவது என் காதில் கேட்டது. இங்கே விடுமுறை நாளில்கூட ஏழரைக்கு முன் எழாதவன் நீ. நான் காலில் தண்ணீர் தெளித்து எழுப்பிய நாட்களை மறந்திருக்க மாட்டாய்.

உன் திங்கட்கிழமை எனக்கு மனப்பாடம். அது உங்களுக்கு ஆயத்த நாள். துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, உன்னைப்போலவே எல்டர் என்று கூப்பிடப்படுகிற மற்ற மிஷனரிப் பையன்களோடு கிரிக்கெட் ஆடுவது எல்லாம் அன்றைக்குத்தான், மாலை 6 மணியானால் மறுபடியும் டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வீட்டுக்குப் பேசுவதும் அன்றைக்குத்தான். 2019 பிப்ரவரிக்கு முன்னால் போயிருந்தால் கிறிஸ்மஸுக்கு ஒரு தடவையும் அன்னையர் தினத்துக்கு ஒரு தடவையும்தான் பேச விட்டிருப்பார்கள் என்று அம்மா சொன்னாள். 24 மாதத்தில் நான்கே அழைப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன பாடுபட்டிருப்பாளோ.

செவ்வாய்க்கிழமை அக்கம்பக்கத்து மிஷனரிகள் சேருகிற உங்கள் டிஸ்ட்ரிக்ட் கூட்டம். வியாழக்கிழமை அடுத்த வாரத்துக்குத் திட்டம் போடுகிறீர்கள். சனிக்கிழமை யாருக்காவது வீடு மாற்ற உதவுகிறீர்கள், இல்லாவிட்டால் சபைக் கட்டடத்தைக் கூட்டுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பமும், திராட்சரசத்துக்குப் பதிலாகத் தண்ணீரும் பரிமாறுகிற ஆராதனை. மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். அதை மட்டும் நானும் உன்னோடு சேர்ந்து செய்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, வயிறு சரியில்லை என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

காபி, டீ விஷயத்தில் மட்டும் என்னால் உன் பக்கம் வர முடியவில்லை. 1833இல் அமெரிக்காவில் ஒரு தீர்க்கதரிசிக்குக் கிடைத்த வெளிப்பாட்டுக்கும் காலையில் நான் குடிக்கிற டிகாஷனுக்கும் என்ன பகை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் செகந்திராபாத்தில் போகிற வீடெல்லாம் இரானி டீயை நீட்டுகிறபோது, மனம் நோகாமல் அதை மறுத்து உஸ்மானியா பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி என்று நீ ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தைத்தான் நான் அதிகத் தடவை படித்திருக்கிறேன். தார்நாகாவில் இருக்கிற ஒரு வீட்டுப் பாட்டி, நீங்கள் வருகிற புதன்கிழமை மாலையில் மட்டும் டீ போடாமல் மோர் கலந்து வைத்திருப்பார் என்றும் அதில்தான் எழுதியிருந்தாய்.

அந்தப் புதன்கிழமையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கடைசி மூன்று கடிதங்களிலும் புதன்கிழமை இல்லை. திங்கள், செவ்வாய் வருகிறது. அடுத்த வரியில் வியாழன் வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய கடிதங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது, குடும்பத் தலைவர் பீடியை நிறுத்தப் படுகிற சிரமம், மோர் வைக்கிற பாட்டி என்று ஒரு பக்கம் நிறையும். இப்போது அதற்குப் பதிலாக, இத்தனை பாடம் நடத்தினோம், இத்தனை பேரைச் சந்தித்தோம், ஆராதனைக்கு இத்தனை பேர் வந்தார்கள், மிகவும் ஆசீர்வாதமான வாரம் என்று கணக்கு மட்டும் வருகிறது. லாக் புக்கில் ஒரு ஷிப்ட் விடுபட்டு, மற்ற ஷிப்டுகளில் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தால் அங்கே ஏதோ பழுதாகியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டார் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் நான் எண்ணுகிறேன். தவறாக இருந்தால் திருத்து.

சரியாக இருந்தால், நான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா இந்தச் சபையில் சேருவதற்கு ஒரு வருடம் முன்னால், உனக்கு எட்டு வயதிருக்கும், அவளோடு தையல் வகுப்பில் படித்த ஒரு பெண் சொல்லி இரண்டு எல்டர்கள் நம் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒருவன் ஆந்திராக்காரன், மற்றவன் பெங்களூர்ப் பையன். இருவருக்கும் 19, 20 வயதுக்கு மேல் இருக்காது. மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போகிற குடும்பத்துக்கு இந்தப் பையன்கள் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்ற எரிச்சல் எனக்கு. உன் தாத்தா வேறு, "மார்மன்காரன் வாசலை மிதித்தால் நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். (அந்தப் பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று அப்போது உங்கள் சபைத் தலைவராக இருந்த நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார் என்பது தெரியும்; தாத்தாவிடம் யார் போய்ச் சொல்வது?) ஐந்தாவது தடவை அவர்கள் வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. நான் கதவைப் பாதி திறந்து, உட்காரக்கூடச் சொல்லாமல், "இனி இந்தப் பக்கம் வர வேண்டாம், தம்பி" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆந்திராக்காரப் பையன் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினான்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. தெருமுனை வேப்பமரத்தடியில் இருவரும் நின்றார்கள். ஒருவன் பையிலிருந்து பன் ஒன்றை எடுத்துப் பாதி பிய்த்து மற்றவனுக்குக் கொடுத்தான். அரை மணி நேரம் நின்றார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்; கூப்பிடவில்லை. வீட்டில் இரண்டு குடை இருந்தது.

பின்னால் அம்மா தானாகவே அவர்கள் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியதும், கணவரின் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லியனுப்பியதும், அந்த ஒரு பேச்சில் என் எரிச்சல் பாதி இறங்கியதும், அவளுக்குச் சம்மதம் சொன்ன நானே உனக்கும் கையெழுத்துப் போட்டதும் உனக்குத் தெரிந்த கதை. அதற்குள் அந்த இருவரும் டிரான்ஸ்பராகி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் வரும் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. நம் வீட்டில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை; கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் கதவை மூடினார்கள் என்பதோடு அவர்கள் கணக்கு முடிந்திருக்கும்.

தார்நாகா வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பெரும்பாலும் நடக்காது. அமெரிக்காவில் சால்ட் லேக்கில் உங்கள் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை 1849இல் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன், அங்கே மனைவி மக்களை விட்டுவிட்டு 1853இல் மதராஸுக்கு வந்து, ஒரு வருடம் போதித்து, அச்சுப்பத்திரிகைகூட நடத்திப் பார்த்து, மிகச் சிலரைத் தவிர வேறு யாரும் சேராமல் திரும்பிப் போனார் என்று அம்மாவின் புத்தகத்தில் படித்தேன். அதற்குப் பிறகு நம் ஊரில் பால் திருத்துவதாஸ் என்பவர், கடிதத்தின் மேல் கடிதமாக எழுதிப் பல வருடம் காத்திருந்து, 1965இல் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார். முன்னவர் போட்ட விதைதான் பின்னவரிடம் முளைத்தது என்று உங்கள் ஆட்கள் மேடையில் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடையில் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. பாலன்டைன் ஊர் திரும்பியபோது அவர் கையில் இருந்தது, வராத கூட்டங்களின் கணக்குதான்.

கதவை மூடினவன் பக்கம் என்ன இருந்தது என்பதை மட்டும்தான் நான் உனக்குச் சொல்ல முடியும். அன்றைக்கு என் மனதில் அந்தப் பையன்கள் இல்லவே இல்லை. தாத்தா இருந்தார், மில்லில் போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது, பிள்ளையைப் பெரிய பள்ளியில் சேர்க்கப் பணம் புரட்ட வேண்டியிருந்தது. அவர்கள் பாடத்தை இன்னும் நன்றாக நடத்தியிருந்தாலும், இன்னும் பணிவாக நின்றிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆகையால் நான் எதில் தவறினேன், எந்த விதியை மீறினேன், காலை ஜெபத்தில் எதை விட்டேன் என்று நீ இரவு 10:30க்குப் பிறகு விழித்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் அந்தக் கணக்கு தேறாது. நீ அப்படிப் பார்க்கிறவன். ஆறாம் வகுப்பில் கேரம் போட்டியில் தோற்றதற்கே மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவன்.

இன்னொன்று. 24 மாதம் முடியாமல் திரும்பி வருகிற பிள்ளைகளைப் பற்றிச் சபையில் சிலர் தாழ்ந்த குரலில் பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். உனக்கு முடியவில்லை என்றால் நீ வரலாம். இதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், பிறகு சரி என்றாள். நீ வர வேண்டும் என்று நான் விரும்புவதாக எடுத்துக்கொள்ளாதே. நீ அங்கே தெலுங்கில் ஜெபம் செய்கிற வீடியோவைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பால்காரருக்கும் காட்டியவன் நான்தான்.

உன் சட்டைப்பையில் மாட்டியிருக்கிற கறுப்பு அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் எல்டருக்குப் பின்னால் என் பெயரை அச்சடித்துவிட்டார்கள். நான் ஒருமுறைகூடப் போயிராத ஊரில், முன்பின் தெரியாதவர்கள் என் பெயரைச் சொல்லி உன்னை மாடிக்குக் கூப்பிடுகிறார்கள், ஆட்டோவில் ஏற்றுகிறார்கள், சில சமயம் போகவும் சொல்கிறார்கள். இதைப் போன திங்கட்கிழமை உன்னிடம் சொல்ல நினைத்தேன்.

இத்துடன் ஐந்து இன்லண்ட் லெட்டர் வைத்திருக்கிறேன். மேல்விலாசத்தை நானே எழுதிவிட்டேன். திங்கட்கிழமை எல்லோருக்கும் வழக்கம்போல எழுது. புதன்கிழமை நடந்ததை மட்டும் இதில் எனக்கு எழுது. நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. எதுவும் நடக்கவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று ஒரு வரி போதும்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: வீடியோவில் உன் சட்டைக் காலர் வெளுப்பாக இல்லாமல் ஊதாவாகத் தெரிகிறது. ஒரு பக்கெட் தண்ணீருக்கு மூன்று சொட்டு நீலம் போதும். டெல்லிப் பையனுக்கும் சொல், அவன் சட்டை இன்னும் மோசம். முறுக்கு பார்சலில் பாதி அவனுக்கு.