குற்றவாளி தேயிலை இல்லை

மதுரை,
வைகாசி முதல் வாரம்

அன்புள்ள மாப்ளே,

போன மாசம் நீ அனுப்பிய குளிர்காலத் தேயிலையைக் குடித்துவிட்டு, "வைக்கோல் கழுவின தண்ணி மாதிரி இருக்குடா" என்று போனில் சொன்னேன். நீ "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். முப்பது வருஷம் குன்னூர்த் தொழிற்சாலையில் நின்றவனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. போனில் மன்னிப்புக் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். டார்ஜிலிங் போய் வந்த மகன், முதல் பறிப்புத் தேயிலை நூறு கிராம் வாங்கி வந்தான். பக்கத்து வீட்டம்மாவின் தங்கை இலங்கையில், பண்டாரவளையில் இருக்கிறார். அவர் அனுப்பிய ஊவாத் தேயிலையில் ஒரு கைப்பிடி கிடைத்தது. அசாம் இலைத்தூளை நானே வாங்கினேன். உன்னுடையதையும் சேர்த்து நாலு. சரி, ஒழுங்காகவே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ருசி பார்க்கத் தேநீர் தயாரிப்பதற்கென்றே ஒரு சர்வதேசத் தர நிர்ணயம் உண்டு, ஐஎஸ்ஓ 3103 என்று, 1980ல் வந்தது. நூறு மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், மூடிவைத்து 6 நிமிடம். (இதே விஷயத்துக்கு ஆறு பக்கத்தில் விதி எழுதிய பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999ல் கேலி நோபல் பரிசு கொடுத்தார்களாம்.) ருசியாகக் குடிக்க ஆறு நிமிடம் அதிகம்தான். ஆனால் இலையின் குறையெல்லாம் வெளியே வந்துவிடுமே.

டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் நாலு, மேலே நாலு சாஸர். ஆறு நிமிடம் கழித்துத் திறந்தால் நாலும் ஒரே நிறம், கருத்த பழுப்பு. டார்ஜிலிங் வெளிறிய பொன்னிறமாக இருக்கும் என்பார்கள். அது அசாமுக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது. மேலே மெல்லிய ஆடை. கரண்டியால் தொட்டதும் கண்ணாடிச் சில்லு போல உடைந்து விலகியது. இதையும் "வைக்கோல்" என்று எழுதி முடித்திருப்பேன். அடுப்படியிலிருந்து உன் தங்கச்சி குரல் வந்தது: "துவரம்பருப்பே வேகாத போர்த் தண்ணி, இதுல உங்க டீ மட்டும் நல்லா வந்துருமாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. பருப்பை வேகவிடாத அதே சுண்ணாம்புதான் தேயிலைச் சாற்றோடும் சேர்ந்து ஆடையாகிறது, நிறத்தையும் மங்கடிக்கிறது. நாற்பது வருஷமாகப் பாலும் சீனியும் அதை மறைத்திருக்கின்றன. காலையில் குழாயில் பிடித்து வைத்த நல்ல தண்ணியைக் கொதிக்கவைத்து மறுபடி ஆரம்பித்தேன்.

நாலு கிளாஸும் நாலு நிறம்! டார்ஜிலிங் இளம் வைக்கோல் நிறம் (அந்த வார்த்தை அதற்குத்தான் பொருந்தும்), கொஞ்சம் பச்சை வாடை, மல்லிகை மாதிரி எதுவோ, கடைசியில் ஒரு சின்னத் துவர்ப்பு. கொழுந்தை நன்றாக வாட்டிவிடுவதால் அது முழுக்கக் கருக்காது என்று நீ முன்பு சொன்னாயே, பிழிந்த இலையைப் பார்த்தபோது புரிந்தது. பாதி இலை இன்னும் பச்சையாகவே கிடந்தது. அசாம் அதற்கு நேர் எதிர்: வெல்லம் காய்ச்சிய வாசனை, நாக்கில் கனம். பாலைத் தாங்கும் தேநீர் அதுதான். டார்ஜிலிங்கில் பால் ஊற்றிப் பார்த்தேன், அது பாவம்.

ஊவாதான் என்னை உட்காரவைத்தது. முதல் வாயிலேயே மூக்கில் குளுகுளுவென்று ஏறியது. எங்கேயோ பழகிய வாசனை; ரொம்ப நேரம் பிடிபடவில்லை. அப்புறம் தெரிந்தது, ஊட்டித் தைலக் கடையில் நீ எனக்கு வாங்கித் தந்த முழங்கால் எண்ணெய், விண்டர்கிரீன்! இரண்டிலும் இருப்பது மெத்தில் சாலிசிலேட் என்கிற ஒரே வாசனைப் பொருள்தானாம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்பக்கம் கொட்டித் தீர்த்துவிட, ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாப் பக்கம் வெறும் வறண்ட காற்று இறங்குகிறது. அப்போது பறித்த கொழுந்தில்தான் இந்த வாசனை. கூடலூரில் கொட்டிவிட்டு உன் குன்னூருக்குச் சாரலை மட்டும் அனுப்புகிற அதே மழை.

இப்போது உன்னுடையது. வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். தெளிவான செம்பொன் நிறம். கிளாஸுக்குப் பின்னால் வைத்த நாள்காட்டியின் தேதியைப் படிக்க முடிந்தது. பூ வாசனைதான், ஆனால் டார்ஜிலிங் மாதிரி முன்னால் வந்து நிற்பதில்லை. விழுங்கின பிறகு மெதுவாக வருகிறது. உறைபனிக் குளிரில் செடி மெல்ல வளர்வதால் வாசனை கூடும் என்பாய். நான் அதை விற்பனைப் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறந்துபோனேன். காலையில் அசாம் கழுவுத் தண்ணி மாதிரி கலங்கிக் கிடந்தது. உன்னுடையது முந்தைய நாள் போலவே தெளிவாக இருந்தது. எலுமிச்சை பிழிந்து பேத்திக்குக் கொடுத்தேன், இன்னொரு கிளாஸ் கேட்டாள். இந்த வெயிலுக்கு வீட்டில் இனி அதுதான்.

ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கு முக்குக் கடை பாய்லர் டீதான், அதை விடுவதாக இல்லை. அங்கே போடுகிற சிடிசி டஸ்ட்டை, அதுதான் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டின பொடியை, திட்டாதே. கொதிக்கிற பாலில் அந்தப் பொடி இறங்குகிற வேகம் உன் முழு இலைக்கு வருமா?

மற்றபடி முழங்கால் பரவாயில்லை. மாடி ஏறும்போதுதான் கடகடக்கிறது. மகன் வேலை மாறிவிட்டான், இனி மாசம் ஒருமுறை வருவான். உனக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? உன் வீட்டில் இருக்கிற என் தங்கச்சியை விட்டாவது இரண்டு வரி எழுதச் சொல்.

ஆனி மாசம் கல்யாணத்துக்கு வரும்போது தேயிலை கொண்டுவராதே, அது இன்னும் பாதி இருக்கிறது. உங்கள் வீட்டு ஊற்றுத் தண்ணி ஐந்து லிட்டர் கேனில் பிடித்து வா. டிக்கியில் இடம் இருக்கும்.

அன்புடன்,
உன் மதுரை மாப்ளே