பச்சை ஒயரை வெட்டியது யார், வோல்ட்டேஜா?

அனுப்புநர்:
உங்கள் ஷோரூமில் ஹோம் தியேட்டர் சாமான் வாங்கிய வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயரைத் தவறாக இணைத்தது, வாரண்டி மறுத்தது தொடர்பாக.

ஐயா,

கடந்த மார்ச் 6 அன்று உங்களிடம் கனமான அடிச்சத்தம் தரும் 15 அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டும், அவற்றை ஓட்ட இரண்டு சானல் பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்கினேன். மொத்தம் 1,46,000 ரூபாய். மாட்டிக் கொடுப்பதற்கான கூலி 4,500 ரூபாயும் அதே பில்லில் இருக்கிறது. 8-ஆம் தேதி உங்கள் டெக்னீஷியன் வந்து மாட்டினார். 19-ஆம் தேதி இரவு ஆம்ப் போய்விட்டது. போகும்போது ஒரு சப்வூஃபரையும் சேர்த்துக் கொண்டுபோனது. வாரண்டி கேட்டதற்கு, "வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தால் வந்த பழுது, வாரண்டியில் வராது" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் ஜவுளிக்கடை வைத்திருப்பவன். சாயம் போச்சு என்று புடவையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவிடம் "உங்க ஊர்த் தண்ணி சரியில்லை" என்று நான் சொன்னால் என்ன வாங்கிக் கட்டிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும். நிற்க. கடைக்கு வருவதற்கு முன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆம்பின் பின்பக்கம் வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருப்பது இது: 4 ஓம்ஸ் மின்தடையில் சானலுக்கு 700 வாட்ஸ். பிரிட்ஜ் மோடில், அதாவது இரண்டு சானலையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால், 1,400 வாட்ஸ், ஆனால் 8 ஓம்ஸுக்குக் குறையக் கூடாது. என் சப்வூஃபர்கள் ஒவ்வொன்றும் 4 ஓம்ஸ், 600 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தாங்கும் சக்தி. அப்படியென்றால் வேலை எவ்வளவு சுலபம்! இந்தச் சானலுக்கு ஒன்று, அந்தச் சானலுக்கு ஒன்று. முடிந்தது.

உங்கள் ஆள் அப்படிச் செய்யவில்லை. "பிரிட்ஜ் போட்டாத்தான் சார் அடி விழும்" என்று சொல்லி, இரண்டு சப்வூஃபரையும் பேரலலில் (பக்க இணைப்பில்) சேர்த்து, பிரிட்ஜ் டெர்மினலில் கொடுத்தார். 4 ஓம்ஸ் இரண்டு பேரலலில் சேர்ந்தால் 2 ஓம்ஸ். பிரிட்ஜில் ஒவ்வொரு சானலுக்கும் தெரிவது அதில் பாதி, 1 ஓம். 4 ஓம்ஸ் தாங்கும் சானலின் தலையில் 1 ஓமைக் கட்டினால், அதே வோல்ட்டேஜில் கரன்ட் நாலு மடங்கு போகும். அப்படியே ஆம்ப் தாங்கியிருந்தாலும் லாபம் என்ன? வாட்ஸ் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். அதற்கு மேல் கெயின் திருகாணியையும் முழுசாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். கெயின் என்பது, ஆம்புக்கு ஒலி சிக்னல் அனுப்பும் பெட்டியான ரிசீவரிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப வைக்க வேண்டியது. அதை வால்யூம் மாதிரி நினைத்துவிட்டார் போல.

முதல் வாரத்திலேயே மூன்று முறை, ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நிற்பதைக் காட்டும் சிவப்பு புரொடெக்ட் விளக்கு எரிந்து சத்தம் நின்றது. உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். "ரூம்ல ஏசி போட்டுட்டு கேளுங்க சார்" என்றார்கள். போட்டேன். 19-ஆம் தேதி ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். இடது பக்க சப்வூஃபரின் முன்பக்கம் அதிரும் கோன் முன்னால் பிதுங்கி வந்து அப்படியே நின்றுவிட்டது. சத்தமே இல்லை. ஒரு நொடி கழித்து, மோட்டார் காயில் கருகும்போது வருமே, அந்த வாடை. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி டி.சி. (நேர்மின்னோட்டம்) நேராக, கோனை அசைக்கும் வாய்ஸ் காயிலில் பாய்ந்தால் இப்படித்தான் ஆகும். ஆம்ப் ஓடிய அதே ஸ்டெபிலைசரில்தான் ரிசீவரும் புரொஜெக்டரும் ஓடுகின்றன. இரண்டும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. வோல்ட்டேஜ் ஆம்பை மட்டும் தேடி வந்து அடித்ததா?

இதுவரை சொன்னது பண நஷ்டம். அடுத்தது அப்படியல்ல.

மாட்டிய அன்று "ங்..." என்று ஒரு ஹம் இருந்தது. பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டதாக உங்கள் ஆள் சொன்னார், நானும் மெச்சிக்கொண்டேன். ஆம்பை சர்வீஸுக்கு அனுப்பும் முன் சந்தேகப்பட்டு அதன் ஒயரிலிருந்த மூன்று பின் பிளக் டாப்பைத் திறந்து பார்த்தேன். எர்த்துக்கான பச்சை ஒயர் வெட்டப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதாவது பதினோரு நாள் அந்த இரும்புப் பெட்டி எர்த்தே இல்லாமல் ஓடியிருக்கிறது. அந்த அறையில் ஆறு வயதுப் பையன் வெறுங்காலோடு விளையாடுகிறான். உள்ளே ஒரு லைன் ஒயர் பெட்டியில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதவே கை வரவில்லை.

ஹம்முக்குக் காரணம் டிஷ் ஆன்டெனா கேபிள். அதை செட் டாப் பாக்ஸிலிருந்து பிடுங்கியதும் ஹம் போவதை அன்றே என் கண் முன்னால் பார்த்தார். கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் வழிகள் கேபிள் மூலம் சுற்றாகச் சேர்ந்த கோளாறு என்று தெரிந்த பிறகு, சிக்னல் போகும் வழியில் அந்தச் சுற்றை அறுக்கும் ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கலாம். உயிர் காக்கும் ஒயரை வெட்டுவது எந்த ஊர் வேலை?

எனக்கு வேண்டியது இதுதான். ஆம்பை மாற்றித் தாருங்கள், அல்லது அதற்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். கருகிய சப்வூஃபருக்குப் புது டிரைவர் (உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பாகம்) போட்டுத் தாருங்கள். மாட்டிய கூலியையும் திருப்ப வேண்டும். "வோல்ட்டேஜ்" என்ற முடிவுக்கு எந்தச் சோதனையில் வந்தீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். அப்புறம், அதே டெக்னீஷியன் வேறு வீடுகளில் மாட்டியிருந்தால் அங்கெல்லாம் ஆள் அனுப்பி பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், உங்கள் மின்னஞ்சல் நகல், ஆம்பைக் கழற்றும் முன் எடுத்த ஒயரிங் படங்கள் நான்கு.

பி.கு.: அந்தப் பிளக் டாப்பை டேப்போடு அப்படியே ஒயரிலிருந்து கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன். நேரில் வருபவர் பார்க்கலாம். கையில் தர மாட்டேன்.