அக்காவுக்கு, தாண்டிக்குடியிலிருந்து

அன்புள்ள அக்கா,

பொங்கலுக்கு வந்திருந்தபோது அடுப்படியில் நின்றுகொண்டு நீ கேட்டாய்: "பள்ளிக்கூடமே வேண்டாம்னு பிள்ளைய நீ நிறுத்திட்டேன்னா, இத்தனை வருஷமா டீச்சரா நான் செய்யுற வேலை என்னடா?" நான் பதில் சொல்லாமல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ மலையிலிருந்து கீழே இறங்கும் வத்தலக்குண்டு பேருந்தில் ஏறிப் போன பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. இதே கேள்வியை ஊரில் பலரும் கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஆனால் பதில் உனக்குத்தான்.

பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்னவள் தினமும் அங்கன்வாடிக்குப் போகிறாள். அங்கே பாட்டும் முட்டையும் நாலு பிள்ளைகளோடு உருள்வதும் அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூடப் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். பெரியவனுக்குத்தான் ஒத்துவரவில்லை. ஒன்றாம் வகுப்பு முழுக்க வளைவுக்கு வளைவு வேனில் வாந்தி. சாயங்காலம் சோர்ந்து வந்து விழுவான். அப்புறம் எட்டு மணிவரை பார்த்து எழுதும் வேலை. ஒருநாள் படுக்கும்போது, "அப்பா, எனக்குப் படிப்பு வராதுல்ல?" என்றான். அழவில்லை. நாளைக்கு மழை வராதுல்ல என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டான். ஆறு வயதுப் பிள்ளை இதை முடிவுசெய்து வைத்திருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வருடம் முடிந்ததும் நிறுத்தினோம். உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்க்கலாமே என்று நீ சொன்னது சரிதான். அதையும் பேசினோம். முதலில் பிள்ளை கொஞ்சம் மூச்சு விடட்டும், ஒரு வருடம் பார்ப்போம் என்றுதான் தொடங்கினோம்.

தொடக்கம் நன்றாக இல்லை, அக்கா. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஜூன் மாதம் கடையில் சார்ட் வாங்கி வந்து கால அட்டவணை எழுதி ஒட்டினேன். 9 மணிக்குத் தமிழ், 10 மணிக்குக் கணக்கு, 11 மணிக்கு இங்கிலீஷ். தப்பாக எழுதினால் அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன், குரலை உயர்த்தினேன். என் மனைவி தபால் ஆபீஸ் வேலையிலிருந்து வரும்போது பையன் கட்டிலுக்கு அடியில் இருப்பான். எந்த வேனிலிருந்து அவனை இறக்கினேனோ அதே வேனை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். இப்படி இரண்டு மாதம் போனது.

கழித்தலில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. 42-இல் 17 போனால் எவ்வளவு என்றால் 35 என்பான். பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுவான். பத்து முறை சொன்னேன், பத்து முறையும் 35. அன்று ராத்திரி நம் பழைய வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. எனக்கும் அதே கணக்கு, அதே தப்பு. நீ அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பத்துப் பத்தாக நூலால் கட்டி வைத்தாய். நாலு கட்டு, இரண்டு உதிரி. "ஏழு எடு" என்றாய். உதிரியில் இரண்டுதானே இருக்கிறது என்று நான் முழிக்க, "ஒரு கட்டை அவிழ்" என்றாய். அவ்வளவுதான். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் கட்டை அவிழ்ப்பது என்று அன்றைக்குப் புரிந்தது இன்றுவரை மறக்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் விளக்குமாற்றை உருவினேன். அவனும் கட்டை அவிழ்த்தான். 25 என்றான். பிறகு யாரும் கேட்காமலே பதினைந்து இருபது கணக்கு போட்டான்.

சார்ட்டை அன்றைக்கே கிழித்துவிட்டேன். நீ வகுப்பில் என்ன செய்கிறாய் என்று கேட்டாயே, எனக்கு நீ செய்ததைத்தான் நான் இவனுக்குச் செய்கிறேன். ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்று சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. அத்தனை பேருக்கும் கட்டை அவிழ்த்துக் காட்ட நீ நேரத்தைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரு பையன், ஒரு காலைப் பொழுது. எனக்குக் கிடைத்திருக்கும் இந்த வசதி உனக்குக் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பாய் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் நாள் இப்படிப் போகிறது. சின்னவளை விட்டுவிட்டு வந்ததும் திண்ணையில் ஒரு மணி நேரம் வாசிப்பு. அரசுப் பாடநூலைத்தான் வைத்திருக்கிறோம். இரண்டாம் வகுப்புத் தமிழ் முடிந்து மூன்றாம் வகுப்பில் நிற்கிறான். அப்புறம் தோட்டத்துக்குப் போவோம். நவம்பரிலிருந்து ஜனவரிவரை காபிப் பழம் பறிக்கும் காலம் முழுக்க எடை நோட்டு அவன் கையில் இருந்தது. யார் கூடை எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு என்று அவன்தான் எழுதினான். பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் அரைத்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயப்போட்டு, கடைசியில் மேல்தோடும் நீக்கிப் பார்த்தால் 6 கிலோ பழத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ கொட்டைதான் தேறும். "மீதி அஞ்சு கிலோ எங்கப்பா போச்சு?" என்று கேட்டவன் அந்தக் கேள்வியை ஒரு வாரம் விடவில்லை. பழத்தோலை அள்ளி எடை போட்டான். ஈரக் கொட்டையை ஒரு கிண்ணத்தில் வைத்துத் தினமும் காலையில் நிறுத்தான். தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று நான் சொல்லவில்லை, தராசு சொன்னது.

ஆனால் அவனுடைய பெரிய படிப்பு களத்தின் நடுவில் நிற்கிற மூங்கில் குச்சி. போன ஆகஸ்ட் தொடக்கத்தில் விளையாட்டாக நட்டான். நிழலின் நுனியில் அரைமணிக்கு ஒரு கூழாங்கல். நிழல் எப்போது மிகச் சின்னதாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆட்டம். பன்னிரண்டு மணிக்கு என்று நான் அடித்துச் சொன்னேன். கல் அப்படிச் சொல்லவில்லை, 12.20 தாண்டித்தான் நிழல் மிகக் குறுகியது. தேடிப் படித்துப் பார்த்தேன். நம் கடிகார நேரம் அலகாபாத் பக்கமாகப் போகும் 82½ டிகிரிக் கோட்டுக்கு உரியது. நாம் அதற்கு ஏறத்தாழ 5 டிகிரி மேற்கே இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக சூரியன் நம் தலைக்கு வர 20 நிமிடம் தாமதம். அவனுக்கு 5 முறை 4 எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் தேவைப்பட்டது.

இன்னொன்றும் நடந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் உச்சிவேளை நிழல் தெற்குப் பக்கம், கோயில் இருக்கும் திசையில் விழுந்தது. செப்டம்பரில் பார்த்தால் வடக்கே, எங்கள் வாசலைப் பார்த்து விழுகிறது. "நிழல் வீடு மாறிடுச்சு" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். நடுவில் ஒருநாள் சூரியன் நேர் தலைக்குமேல் நின்று, நிழலே இல்லாத உச்சிவேளை வந்துபோயிருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் வரும் அந்த நாளில் இங்கே ஒரே மேகம், நாங்கள் கோட்டைவிட்டோம். அவன் சாப்பிடவே மாட்டேன் என்று அழுதான். ஏப்ரலில் மறுபடி வரும் என்று சொல்லி ஆற்றினேன். அன்றிலிருந்து காத்திருக்கிறான்.

நல்லதை மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய், நம்பவும் கூடாது. ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் போனதும் தெரு வெறிச்சோடிவிடும். அவன் மதில்மேல் உட்கார்ந்து நாலரை மணி ஆகக் காத்திருக்கும் நாட்கள் உண்டு. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பையன் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்ட வகுப்பில் கற்ற பாட்டைக் கையை ஆட்டி ஆடிப் பாடினான். இவனுக்கு அது தெரியாது. பின்னால் நின்று வாயை மட்டும் அசைத்தான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாடுவதை என்னால் வீட்டில் உண்டாக்க முடியாது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மனைவிக்கும் சுமை கூடியிருக்கிறது. அவள் சம்பளத்தில் வீடு ஓடுவதையும், ஆம்பளை வீட்டில் உட்கார்ந்து பாடம் சொல்வதையும் ஊர் பேசுகிறது. அது அவள் காதில்தான் முதலில் விழுகிறது.

சட்டத்தைப் பற்றி நீ பயந்தாய். 6 முதல் 14 வயதுவரை கல்வி உரிமை என்ற 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் இல்லை. நடுவில் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வீட்டிலேயே தொடர்ந்தாலும் 14 வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். கதவு எதுவும் மூடவில்லை. ஜூன் வரும்போது பள்ளிக்குப் போகிறாயா என்று அவனையே கேட்கப் போகிறோம். போகிறேன் என்றால் மறுநாளே சேர்த்துவிடுவேன்.

அதற்கு முன் மே மாதத்தில் நீ ஒரு வாரம் வந்து இரு. அவனை உட்காரவைத்துப் பார். வாசிக்கும்போது ஒற்றெழுத்தை விழுங்குகிறான். லகர ளகரம் எனக்கே சரியாக வராததால் அவனுக்கும் வரவில்லை. கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கிறது. உன் சிவப்புப் பேனாவை எடுத்து வா. எங்கே பின்தங்கியிருக்கிறான் என்று ஒளிக்காமல் சொல். உன் வகுப்புப் பாட்டுகளையும் சொல்லிக்கொடு.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. நிழல் இல்லாத நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கில் தொடங்கி வடக்கே நகர்ந்து, 24 வாக்கில் சென்னைக்குப் போய்விடும். உனக்கும் எங்களுக்கும் 16 அல்லது 17-ஆம் தேதி. நீ கீழே, நாங்கள் மேலே, ஆனால் நாள் ஏறக்குறைய ஒன்றுதான். உன் பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டுவை. சாய்ந்திருக்கக் கூடாது, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள். 12.20-க்கு உன் பிள்ளைகளைச் சுற்றி நிற்கச் சொல். இவன் இங்கிருந்து போன் செய்வான். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "இல்லை" என்று கத்துவது அவனுக்குக் கேட்கவேண்டும்.

மேகம் வந்துவிட்டால் ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை வரும். குச்சியைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவை.

உன் தம்பி