தேன்மொழிக்கு, உன் அணியின் விதிகள் பற்றி

லால்குடி

அன்புள்ள தேன்மொழி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு பக்கத்தையும் அப்பா போனில் பெரிதாக்கிக் காட்டினார். படித்தேன். 'தடகள அணி மாணவியர் கடைப்பிடிக்க வேண்டியவை' என்ற தலைப்பே சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. போனில் பேசினால் பாதிப் பேச்சு உன் பள்ளி மணியோடு போய்விடும். ஓசூர்ப் பக்கம் பி.டி. டீச்சராகப் போய்ச் சேர்ந்ததிலிருந்து நீ முழுதாக ஒரு பேச்சைக் கேட்டதே இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பட்டியலில் இரண்டு ஜாதி விதிகள் கலந்து கிடக்கின்றன. 'காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும்', 'வார்ம்-அப் முடிக்காமல் யாரும் ஸ்பைக்ஸ் மாட்டக் கூடாது' என்பதெல்லாம் ஒன்று. 'ஒவ்வொருவரும் மாவட்டத்தில் பதக்கம் எடுக்க வேண்டும்', 'நூறு மீட்டரைப் பதினான்கு விநாடிக்குள் ஓட வேண்டும்' என்பதெல்லாம் இன்னொன்று. இந்த இரண்டாவது ஜாதியை மொத்தமாக அடித்துவிடு. பக்கத்து லேனில் யார் வந்து நிற்பாள் என்பது உன் பிள்ளையின் கையில் இல்லை. அவள் வீட்டில் ராத்திரி என்ன சமைத்தார்கள் என்பதும் இல்லை. வருவது, உழைப்பது, சொன்னதைக் கேட்பது, கூட இருப்பவளை மதிப்பது மட்டும்தான் அவள் கையில் இருக்கிறது. அதை மட்டும் கேள். ஆனால் கேட்டதை விட்டுக்கொடுக்காதே. அணியிலேயே வேகமாக ஓடுகிறவளிடம் ஒரு பிடி கூடுதலாகவே கேள். நீ அவளுக்கு எதை விட்டுக்கொடுக்கிறாயோ அதுதான் உன் அணியின் உண்மையான விதி என்று மற்ற பிள்ளைகள் ஒரே வாரத்தில் தெரிந்துகொள்வார்கள்.

'தாமதமாக வந்தால் ஐந்து ரவுண்டு' என்று எழுதியிருக்கிறாய். அதையும் எடுத்துவிடு. ஓட வந்த பிள்ளைக்கு ஓட்டத்தையே தண்டனையாகக் கொடுத்தால் அவளுக்கு ஓட்டத்தின் மேல் எப்படி ஆசை வரும்? லேட்டாக வந்தவள் ஹர்டில்ஸை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகட்டும், சுண்ணாம்புக் கோடு போடட்டும், குதிக்கும் மணலைக் கிளறிவிடட்டும். வேலையும் நடக்கும், அவளுக்கும் உறைக்கும். பிரம்பை மட்டும் கையில் எடுக்காதே. பிரேயரில் வரிசை ஒழுங்கு பார்க்க, கேட்டில் நிற்க, தலைமுடி நீளம் பார்க்க என்று பள்ளியில் எல்லா அதட்டல் வேலையையும் பி.டி. டீச்சர் தலையில்தான் கட்டுவார்கள். உன்னிடமும் கட்டுவார்கள். பரீட்சை நெருங்கினால் உன் பீரியடையும் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்தக் கோபத்தை மைதானத்துக்குக் கொண்டுவராதே.

பயிற்சிக்கு வராத பிள்ளை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். என்னிடம் ஒரே வருஷத்தில் இரண்டு பேர் அப்படி இருந்தார்கள். ஒருத்தி வாரத்தில் பாதி நாள் வரமாட்டாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா விடியற்காலையில் கட்டட வேலைக்குக் கிளம்பிவிடுவாள், தம்பியைக் குளிப்பாட்டிப் பால்வாடிக்கு அனுப்புவது இவள் பொறுப்பு. அவளுக்கு மட்டும் பயிற்சியைச் சாயங்காலம் மாற்றினேன், அதற்குப் பிறகு ஒரு நாள் தவறவில்லை. இன்னொருத்திதான் எங்கள் பள்ளியிலேயே வேகம். அவள் வராததற்கு ஒரே காரணம், வராவிட்டாலும் டீச்சர் நம்மைத்தான் எடுப்பார் என்ற நினைப்பு. அவளை ரிலேயில் எடுக்கவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார், அவள் மாமா வந்து சத்தம் போட்டார், நாங்கள் அந்தக் குறுவட்டப் போட்டியில் மூன்றாவதுதான் வந்தோம். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன். உன் விதியில் 'மூன்று முறை வராதவர் நீக்கப்படுவார்' என்று இருக்கிறது. அதற்கு முன்னால் 'டீச்சர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்' என்று ஒரு வரி சேர். அது அவர்களுக்கு இல்லை, உனக்கு.

ரிலேயைப் பற்றி நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். 'வேகமான நால்வர் தேர்வு செய்யப்படுவர்.' எனக்கு அங்கேதான் மனத்தாங்கல். ஒரு பள்ளித் தடகள அணி அணியாக இருக்கிற ஒரே இடம் அது. மற்றதெல்லாம் தனித்தனி ஆள், தனித்தனி லேன்.

நால்வரின் நூறு மீட்டர் நேரத்தைக் கூட்டிப் பார். நன்றாகக் கொடுத்து வாங்குகிற அணி அந்தக் கூட்டுத்தொகையைவிடக் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கும். 2012இல் லண்டன் ஒலிம்பிக்ஸில் ஜமைக்கா 36.84 விநாடியில் உலக சாதனை வைத்தது. நாலால் வகுத்தால் ஆளுக்கு 9.21. உசேன் போல்ட்டின் தனி சாதனையே 9.58தான். பின்னால் ஓடும் மூன்று பேரும் பிளாக்கில் கால் வைத்து நின்ற நிலையிலிருந்து கிளம்புவதில்லை, ஓடிக்கொண்டே வாங்குகிறார்கள், அவ்வளவுதான் சூட்சுமம். அந்தச் சூட்சுமம் வேகத்தால் வருவதில்லை, பழக்கத்தால் வருவது.

எப்படிப் பழக்குவது என்று தெரியும் உனக்கு, என்றாலும் சொல்கிறேன். பேட்டனை, அதாவது ரிலே கோலை, கை மாற்றும் மண்டலம் இப்போது 30 மீட்டர். நான் ஓடின காலத்தில் 20தான், அதற்கு முன்னால் கிளம்பிக்கொள்ளப் பத்து மீட்டர் தனியாக இருந்தது. வாங்குகிறவள் தான் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கித் தன் காலடியாலேயே அளந்து ஒரு துண்டு டேப் ஒட்ட வேண்டும். கொண்டு வருகிறவள் அந்த டேப்பை மிதித்ததும் இவள் கிளம்பிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் வேகம் செத்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு 'கை' என்று ஒரே சத்தம்தான். சத்தம் கேட்டதும் கை பின்னால் போகும், உள்ளங்கை விரியும், பேட்டன் வந்து விழும். பத்து அடியில் கிளம்பினால் பேட்டன் முட்டிக்கொள்ளும், இருபது அடியில் கிளம்பினால் எட்டாது. எத்தனை அடி என்பதை அந்த இரண்டு பேரும்தான் தினம் ஓடி ஓடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருத்திக்குச் சளி என்றால்கூட அளவு மாறும். அதனால்தான் பயிற்சிக்கு வராத வேகக்காரியைவிட, தினமும் வருகிற அரை விநாடி மந்தமானவள் உனக்கு லாபம்.

பேட்டன் கீழே விழுந்தால் யார் தவறவிட்டாளோ அவள்தான் எடுக்க வேண்டும், அது போட்டி விதி. நம் விதி ஒன்று இருக்கிறது: திரும்பி வருகிற பஸ்ஸில் யாரும் 'யார் விட்டது?' என்று கேட்கக் கூடாது. நீயும் கேட்காதே. மறுநாள் காலையில் அந்த இருவரையும் அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் ஓடவிடு.

ஐந்தாவது பிள்ளையை மறந்துவிடாதே. ரிசர்வ் என்று பேர் எழுதிவிட்டுத் தண்ணி பாட்டில் தூக்க வைப்பார்கள். 2024 மே மாதம் பஹாமாஸில் நடந்த உலக ரிலே போட்டியில் நம் ஆண்கள் ஓடிய ரிலே, ஆளுக்கு நானூறு மீட்டர் ஓடுவது, ஞாபகம் இருக்கிறதா? ராஜேஷ் ரமேஷ் நம் தமிழ்நாட்டுப் பையன், முந்தின வருஷம்தான் புடாபெஸ்டில் கடைசிச் சுற்று ஓடி 2:59.05 என்று ஆசிய சாதனையை முடித்துக் கொடுத்தவர். பஹாமாஸில் முதல் நாள் அவருக்குத் தசை பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டார். அணியால் ஓட்டத்தையே முடிக்க முடியவில்லை. மறுநாள் அவர் இல்லாமல் நால்வர் ஓடினார்கள், அதில் நம் லால்குடிக்காரர் ஆரோக்ய ராஜீவ் ஒருவர். 3:03.23இல் இரண்டாவதாக வந்து பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி வாங்கிவிட்டார்கள். அடுத்த ஆள் தயாராக இல்லை என்றால் அந்த மறுநாளே இல்லை. உன் ஐந்தாமவளும் எல்லா மாற்றத்தையும் பழகியிருக்க வேண்டும்.

குண்டு, வட்டு, ஈட்டிக்காரப் பிள்ளைகளுக்கு உன் இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஓட்டக்காரியாக இருந்த புத்தி, என் மகள்தானே. அவர்களுக்கு விதி எழுது, அதை மட்டும் தடித்த எழுத்தில் எழுது. எறிந்த பொருளைக் கையில் தூக்கி வர வேண்டும், திருப்பி எறியவே கூடாது. ஈட்டியை எடுக்க நடந்துதான் போக வேண்டும், ஓடக் கூடாது. தரையில் குத்தி நிற்கிற ஈட்டியின் வால்முனை ஓடி வருகிறவளின் முகத்துக்கு நேராகத்தான் இருக்கும். எறியும் பரப்பில் எவரும் குறுக்கே நடக்கக் கூடாது. 2019 அக்டோபரில் கேரளத்தில் பாலாவில் மாநில ஜூனியர் போட்டி நடந்தபோது, ஈட்டி எடுக்க உதவிக்கு நின்ற பதினோராம் வகுப்புப் பையன் தலையில், சம்மட்டி எறிதலில் எறிந்த இரும்புக் குண்டு வந்து விழுந்தது. பிழைக்கவில்லை. இரண்டு எறிதலையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் நடத்தியிருக்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் மன்னிப்புக் கிடையாது. மீறினால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடு.

இதையும் நானே சொல்கிறேன், உன் தலைமையாசிரியர் சொல்லமாட்டார். கிட் பையில் எப்போதும் நாப்கின் இருக்கட்டும், கேட்காமலே எடுத்துக்கொள்கிற இடத்தில். மாதவிலக்கு நாளில் ஓடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஷார்ட்ஸ் போடமாட்டேன் என்கிறவள் டிராக் பேண்ட்டில் ஓடட்டும். உடுப்பை ஒழுக்கமாக்கினால், பத்தாம் வகுப்பு வந்ததும் அப்பன்காரர்கள் அதையே சாக்காகப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். எத்தனை நல்ல கால்கள் அப்படி நின்று போயின என்று எனக்குத் தெரியும். காலில் ஷூ இல்லை என்பதற்காகவும் யாரையும் ஒதுக்காதே. மதுரைப் பக்கத்து ரேவதி வெறுங்காலில் ஓடத் தொடங்கித்தான் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரை போனாள்.

வயதைக் குறைத்து எழுத யாராவது வந்து நிற்பார்கள். பதினேழுக்கு உட்பட்ட பிரிவில் பதினெட்டு வயசுக்காரியை இறக்கிப் பதக்கம் எடுப்பதை இந்த ஊரில் சாமர்த்தியம் என்றே சொல்வார்கள். அதே பந்தயத்தில் நியாயமாக ஓடி நாலாவது வருகிறவளும் ஒரு டீச்சரின் பிள்ளைதான். அடுத்து ஊசியும் பவுடரும். ஜிம்மில் இருக்கிற அண்ணன் கொடுத்தான் என்று டப்பாவோடு வருவார்கள். உடம்பில் எது இருந்தாலும் அதற்குப் பொறுப்பு ஓடுகிறவள்தான், தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. கேலோ இந்தியா போட்டிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கே ஊக்கமருந்துச் சோதனை நடக்கிறது. நம் மாவட்டத்துப் பெண்களுக்கே தடை விழுந்து, ஊரே போஸ்டர் ஒட்டிக் கொண்டாடிய பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தோமே. உன் பக்கம் ராகி நன்றாகக் கிடைக்கிறது. களியும் சத்துணவு முட்டையும் சுண்டலும் போதும் என்று சொல், அதற்கு மேல் கேட்டால் வாழைப்பழம் வாங்கிக் கொடு.

குறுவட்டப் போட்டிகளில் நீயும் நடுவராக நிற்க வேண்டி வரும். ஃபோட்டோ ஃபினிஷ் எல்லாம் அங்கே கிடையாது, உன் கண்தான். உன் பிள்ளைகள் ஓடுகிற பந்தயத்தின் முடிவுக் கோட்டில் நிற்காதே, வேறு வேலை கேட்டு வாங்கிக்கொள். வேறு ஆள் இல்லை, நின்றே ஆக வேண்டும் என்றால், சந்தேகம் வருகிற இடத்தில் உன் பிள்ளையை ஒரு இடம் பின்னால் போடு. அவள் அழுவாள். அழட்டும். தோற்றால் அழக் கூடாது என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன விதி? அழலாம், ஆனால் அழுதபடியே போய் ஜெயித்தவளுக்குக் கை கொடுக்க வேண்டும். முடிவில் தகராறு என்றால் நடுவரிடம் பேசுவது நீ, பிள்ளைகளோ அவர்கள் அப்பாவோ இல்லை. அதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடு. தன் பந்தயம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பழக்கத்தையும் முதல் வருஷமே நிறுத்து. கடைசி ரிலே முடிகிற வரை எல்லாரும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் போக, கடைசியில் 'டீச்சர் செய்ய வேண்டியவை' என்று ஒரு பத்தி சேர்த்து அதையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு. ஆறு மணிக்கு முன்னால் வந்திருப்பேன், யாரை எடுத்தேன் யாரை எடுக்கவில்லை என்பதை முகத்துக்கு நேராகக் காரணத்தோடு சொல்வேன், உங்கள் சான்றிதழை வாங்கித் தராமல் ஓயமாட்டேன். அந்தக் கடைசி வரியை லேசாக நினைக்காதே. விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி சீட்டோ வேலையோ கேட்கும்போது, முத்திரை சரியாக விழாத ஒரு சான்றிதழால் ஒரு பிள்ளையின் நாலு வருஷ ஓட்டம் வீணாகும். போட்டி முடிந்த அன்றே மேஜை முன்னால் நின்று, பெயர், பிறந்த தேதி, பந்தயம், இடம் எல்லாம் பார்த்துக் கையோடு வாங்கி வா.

மொத்தத்தையும் அரைப் பக்கத்துக்குள் சுருக்கி எழுது. உன் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் உண்டே, பெற்றோருக்கு யாரையாவது வைத்துச் சொல்ல வை. கையெழுத்து மட்டும் வாங்கிப் பயனில்லை.

நீ கேட்ட ஸ்டாப்வாட்ச் இரண்டும், முப்பது மீட்டர் டேப்பும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் அப்பா போட்டுவிடுவார். கண்டக்டர் நம்பரை மெசேஜ் பண்ணுவார், ஓசூர் ஸ்டாண்டில் நீயே போய் வாங்கிக்கொள். டேப்பில் முதல் அரை மீட்டர் பிய்ந்துவிட்டது, ஒன்று என்ற இடத்திலிருந்து அளந்து பிறகு ஒன்றைக் கழித்துக்கொள். முறுக்கும் வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
அம்மா