ஒரு படியும் அதன் பங்காளிகளும்

அன்புள்ள சிநேகிதனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். வீட்டில் அவளுக்கு முட்டிவலி அப்படியேதான். மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாடியில்தான் அவளுக்கு எல்லா வேலையும் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கடலூரில் மழை இன்னும் பிடிக்கவில்லை, சாக்கடை மட்டும் இப்போதே தயார்.

உன் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். "உட்கார்ந்து ஒழுங்கா படி" என்றதற்கு "எந்தப் படியில தாத்தா?" என்று கேட்டாளாமே, அவள் பிழைத்துக்கொள்வாள். நீ அகராதியைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று அர்த்தங்களுக்கு எண் போட்டுக் கொடுத்திருக்கிறாய். அது வாத்தியார் வேலை. எண் போட்டால் எல்லாம் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். என்னைக் கேட்டால் நம் வீடுகளில் மூத்தது அரிசி அளந்த படிதான். மற்றவற்றில் சில அதற்குப் பங்காளி, சில வெறும் பெயர் ஒற்றுமை.

அந்தப் படியை அவள் பார்த்திருக்கவே மாட்டாள். இரும்புத் தகட்டில் உருளையாக, வாயில் பித்தளைப் பட்டை போட்டு, அரிசிப் பானைக்குள்ளேயே கிடக்குமே, அது. பள்ளிக்கூட வாய்ப்பாட்டில் எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனால் வாய்ப்பாடு சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. தலை தட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா? கடைக்காரர் உள்ளங்கையால் வழித்துத் தலை தட்டுவார். உன் அம்மா கைமாற்றாகக் கொடுக்கும்போது கும்பலாக அளந்துதான் கொடுப்பார்கள். வாங்கியதும் அப்படியே கும்பலாகத் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரம் பேச்சு இருக்காது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவதை அவளிடம் சொல். கணக்குப் பாடத்தில் அது கிடைக்காது.

இதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் வேறு. சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி. பட்டணம்படி பெரியது என்று சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பெருமை அடித்துக்கொள்வார்கள், அரிசியை அவர்களே விளைவித்த மாதிரி.

1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்துவிட்டன. ஆனால் 1967 தேர்தலில் அண்ணாவின் கட்சி சொன்னது என்ன? "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்." சட்டப்படி பார்த்தால் படி அப்போது செத்துப்போன அளவு. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். கிலோக் கணக்கில் சொல்லியிருந்தால் சுவரெழுத்து அவ்வளவு எடுபட்டிருக்குமா என்பது என் சந்தேகம். பசிக்குப் படிதான் தெரியும், கிலோ தெரியாது.

கூலி நெல்லாக அளந்த காலத்தில், நம் தென்னாற்காட்டுப் பக்கம் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவனுக்குப் 'படியாள்' என்றே பெயர். அந்தச் சொல்லில் ஒரு நாளும் எனக்கு இனிமை தெரிந்ததில்லை. ஆண்டவன் படியளக்கிறான் என்று கைகூப்பிச் சொல்வோம், "உனக்கு நானா படியளக்கிறேன்?" என்று சண்டையிலும் கேட்போம். அளப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. பிறகு நெல் போய்ப் பணம் வந்தது. படி மட்டும் சம்பளச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது: பயணப்படி, வீட்டு வாடகைப்படி, பஞ்சப்படி. உன் ஓய்வூதியத்தில் பஞ்சப்படி எத்தனை சதவீதம் ஏறியது என்று மாதம் தவறாமல் எனக்கு எழுதுகிறாயே, அந்தத் தகர உருளையின் பேரப்பிள்ளைதான் அது.

வாசப்படிக்கு இந்தக் குடும்பத்தில் என்ன உறவு என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எங்கள் வாசப்படிக்கு ஒரு செய்தி இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, நீ உட்கார்ந்து சீட்டாடிய படிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் ஒரு படி இறங்க வேண்டும். "இனிமே உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று யாரும் எங்களிடம் சபதம் போட முடியாது. வீட்டுக்கு வீடு வாசப்படி என்பார்கள், எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு பள்ளம்.

இன்னொரு கிளை, படிவது. இதற்கு நம் மாவட்டம் போதும். 2015 வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேறு படிந்திருந்ததே, இரண்டு முறை வெள்ளை அடித்தும் அந்தக் கோடு எட்டிப் பார்த்தது. நெய்வேலியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியும் படிவுதான். தலைமுடி எண்ணெய் வைத்தால் படியும், வண்டிக்குப் பழகாத காளை படியாது, துறைமுகத்தில் மீன் விலை பேசினால் பேரம் படியும். எல்லாமே துள்ளுவதை விட்டு அடங்குவது. புத்தகம் படிப்பதும் இந்த வகையில்தான் வருமோ என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. ஆதாரம் கேட்காதே. உன் பேத்தியைப் பார்த்தால் அடங்குகிற ஆளாகத் தெரியவில்லை.

பிரதி என்ற அர்த்தம் இப்போது பத்திரத்திலும், கோயில் சுவரில் காகிதத்தை ஒட்டிக் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பவர்களிடமும்தான். மற்றவர்களுக்கு ஜெராக்ஸ். எப்படி, அப்படி, சொன்னபடி, மறுபடி எல்லாவற்றையும் அவளே கண்டுபிடிக்கட்டும், விடுமுறைக்கு வேலையாக இருக்கும்.

நிஜப் படியைக் காட்ட வேண்டுமென்றால் ஆயுத பூஜை சமயத்தில் அழைத்து வா. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் பொரி இன்றும் படிக் கணக்கில்தான். பொரியைப் போய் எந்தத் தராசில் போடுவது? அப்போதே திருவந்திபுரத்துக்கும் போகலாம், ஹயக்ரீவர் மலை அவளுக்கு ஒரே ஓட்டம். நீயும் நானும் கீழே உட்கார்ந்திருக்கலாம்.

வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. மாடி அறையில் பூச்சு வேலை நடக்கிறது, கொத்தனார் சொன்ன தேதியை நான் நம்பவில்லை. உன் சம்சாரத்துக்கு எங்கள் இருவரின் விசாரிப்பு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்